பிரதி ஒன்று பத்து ரூபாய்

மூன்று வீடு பார்த்தாயிற்று ஹப்புத்தளையில்.
முதலாவது ஸ்டேசனுக்கு மேலே,
குணநாயகம் மாஸ்டரின் பின்பக்க அனெக்ஸ்.
சமையலறைக்கு ஜன்னல் இருந்தது.
வாடகை பேசி, தண்ணீர் பில் பேசி,
செருப்பை மாட்டும்போது கேட்டார்
முழுப்பெயர் என்னவென்று.
மகன் கொழும்பில் லீசிங் கம்பெனியிலாம்.
மறுநாள் போனில் அவர் குரல்
மழைக்கு ஒதுங்கியவன் குரல் மாதிரி இருந்தது.
"பெயின்ட் அடிக்கப் போறோம் மகள்,
இப்போதைக்குக் குடுக்கிறதா இல்ல."

கிரிப்பில் என் பெயர் விழுந்து இரண்டு வருடம்.
விழுந்தது என்றுதான் சொல்கிறார்கள்.
தட்டு விழுந்தால் குனிந்து எடுக்கலாம்.
பெயர் விழுந்தால்
எந்தக் கவுன்டரில் குனிவது?

நான் ஒன்றும் ஓடிப்போகவில்லை.
கடைவீதியில் ஒரு கதவுக் கடை,
லீசிங்கில் ஒரு போட்டோ கொப்பி மெசின்.
ஊரின் பிறப்புச் சான்றிதழ், மரணச் சான்றிதழ்,
விவாகரத்து, காணி வழக்கு, ஓ.எல். பெறுபேறு
எல்லாம் என் கையில் சூடாக வந்து விழும்.
பிறகு தாள் கட்டு மூவாயிரத்தைத் தொட்டது.
ஒருநாள் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை.
இருட்டில், திறந்த கடைக்குள்,
மெசினுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
தவணைக்குக் கரண்ட் தேவையில்லை,
அது தன் பாட்டில் ஓடியது.

தூக்கிப்போக வந்தவர்கள் நல்ல பிள்ளைகள்.
படியில் இடிக்காமல் இறக்கினார்கள்.
கையெழுத்து வாங்கிய தாளுக்கு
ஒரு கொப்பி வேணும் என்றான் ஒருவன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது அவனுக்கு.
லொறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

இரண்டாவது வீடு நிஸ்தார் ஹாஜியாருடையது.
ஒரு வருசக் காசு முன்னுக்கு.
மரியாதையாகத் தேநீர் தந்து சொன்னார்,
மரியாதையாகக் குடித்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது ரயில் பாதைக்குக் கீழே.
உடரட மெனிக்கே போகையில்
அலுமாரிக் கதவு தானே திறக்கும்.
தெற்கு ஜன்னலில் பனி, வடக்கில் வெயில்.
சீலவதி நோனா கிரிப் பற்றிக் கேட்கவில்லை.
மூன்று மாச அட்வான்ஸ்,
கிராம சேவகர் கடிதம்,
அடையாள அட்டைக் கொப்பி ஒன்று,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
நானும் கிரிப் பற்றிச் சொல்லவில்லை.
கேட்காததைச் சொல்லாதது பொய்யா என்று
பண்டாரவளை பஸ்ஸில் முழுக்க யோசித்தேன்.
காதில் கிடந்த தோட்டைத் தொட்டுத் தொட்டு.

அடகுக் கடையில் இருந்து இறங்கி
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடை.
அட்டையை நீட்டினேன்.
மூடியைத் தூக்கினான் பையன்,
அந்த முனகலிலேயே தெரிந்துவிட்டது.
குனிந்து பார்த்தேன். பக்கத் தகட்டில்
டிலக்ஷி ஒட்டிய மயில் ஸ்டிக்கரைச் சுரண்டியிருக்கிறார்கள்.
ஒரு கால் மட்டும் மிச்சம்.

முதல் பிரதியில் என் கன்னத்தின் மேல்
மேலிருந்து கீழ் ஒரு கறுப்புக் கோடு.
உள்ளே உருளையில் கீறல்.
ஸ்டேப்ளர் பின் சிக்கிய நாள்
எனக்கு நினைவிருக்கிறது.

"தம்பி, அட்டையை ரெண்டு விரல்கடை
வலது பக்கம் தள்ளி வைங்க."
ஏனக்கா என்றான்.
"வைச்சுப் பாருங்களேன்."

முகம் தப்பியது.
கோடு வெறும் தாளில் இறங்கிப்போனது.
பழுதானதற்கும் சேர்த்து இருபது ரூபாய் கேட்டான்.
நானாக இருந்தால் பத்துதான் எடுத்திருப்பேன்.

காசை இரண்டு தரம் எண்ணினார் சீலவதி நோனா.
ஆயிரத்து ஐந்நூறு குறைகிறது,
சம்பளத்தில் தருகிறேன் என்றேன்.
ம் என்றார். கொப்பியை வெளிச்சத்தில் பிடித்து,
ஓரத்தை விரலால் தடவி,
"என்ன இந்தக் கோடு?"

"அது மெசின்ட பிழை, நோனா"
என்றேன்.
சாவி ஈரமாக இருந்தது.
அவர் கை பாத்திரம் கழுவிய கை.