காலி எடை

பதினேழாம் நாள்.
தட்டு வருவதற்கு முன்பே பூண்டு வந்துவிடுகிறது,
கட்டில் விளிம்பில் எனக்கு முன்னால் உட்கார்ந்துகொள்கிறது.
நல்லெண்ணெய் மிதக்கும் குழம்பில்
பால்சுறாத் துண்டு ஒன்று, நனைந்த பஞ்சு மாதிரி.
நங்கை தட்டைத் தள்ளுகிறார்:
"நாக்கக் கேக்காத. முழுங்கு.
உனக்கா போடறோம்?"

ஒரு வாய் எடுத்தேன்.
அது வாயிலேயே நிற்கிறது,
காகிதம் இல்லாமல் செக்போஸ்டில் மாட்டிய லாரிபோல,
போகவும் விடாமல், திரும்பவும் விடாமல்.

வேலந்தாவளம் எங்களுக்கு.
வீட்டுக் குழாய் தமிழ்நாடு, தெருவிளக்கு கேரளா
என்பார் மயில்சாமி, வருகிற எல்லோரிடமும்.
பொய்தான்.
ஆனால் எதிர்வீட்டு ஷீபா உலுவாக் கஞ்சியோடு வருவது நிஜம்,
தேங்காய்ப்பால் ஊற்றி, சீரகம் தட்டி.
"கண்ணடச்சு குடிக்கு மோளே."
கண்ணை மூடினேன்.
கசப்புக்குக் கண் ஒரு பொருட்டா?

ஏழாம் மாதத்தில்
நடுராத்திரி எழுந்து டப்பாவில் கைவிட்டு
பச்சரிசி தின்றவள் நான்.
அந்த வாய் எங்கே போயிற்று?
பிரசவ அறையில் வளையலைக் கழற்றி வாங்கினார்களே,
அதோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்களா?

இவளுக்கோ பசி, ஒரு வீட்டுக்குக் காணும்.
உதடு தேடி மார் எட்டும் முன்பே
உள்ளே ஆயிரம் ஊசி,
குடிக்காத பக்கமும் தானாக ஒழுகி ரவிக்கை நனையும்.
அடிவயிறு ஒருதரம் சுருண்டு விடும்.
அந்த நொடியில் வரும் பாருங்கள் தாகம்,
தொண்டையில் அல்ல, முழங்கால் வரைக்கும்.
ஒரு சொம்பு. இன்னொரு சொம்பு.
தண்ணீர் மட்டும்தான் என்னை எதுவும் கேட்பதில்லை.

குனிந்து பார்க்கிறேன்.
உச்சியில் மெத்தென்ற இடம் துடிக்கிறது.
நான் தின்னாததை எங்கிருந்தடி குடிக்கிறாய்?
கல்யாணப் பந்தியில் எழுந்துபோகச் சொல்லும்வரை தின்றேனே, அதையா?
கொழிஞ்சாம்பாறை பேக்கரியில்
பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே நின்று தின்ற முட்டை பப்ஸையா?
என் பத்தாம் வகுப்புச் சத்துணவையா?

புதன்கிழமை ஜாஸ்மின் சிஸ்டர் வந்தார்.
துணித்தொட்டிலில் போட்டுத் தராசைத் தூக்கினார்.
முள் நடுங்கி நின்றது.
"முந்நூறு கிராம் ஏறியிருக்கு, ரொம்ப நல்லது."
நோட்டில் எழுதினார். மூடினார்.
அந்த நோட்டில் எனக்கு ஒரு கட்டம் இல்லை.

மயில்சாமிக்கு எடைமேடையில் ராத்திரி வேலை.
கிளம்பும்போது சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன்.
சந்தோஷத்தில் அவருக்குத் தொழில் வந்துவிட்டது:
"வண்டிக்கு ரெண்டு எடை. லோடு எடை, காலி எடை.
லோடு ஏறும், எறங்கும்.
காலி எடை மட்டும் மாறக் கூடாது.
கொறஞ்சா, வண்டியில என்னமோ கழண்டிருக்குனு..."
என் தோள்பட்டையைப் பார்த்தார்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
செருப்பை மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

ரெண்டரை மணிக்கு வந்தார், படுத்தார்.
கணவாய்க் காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டுகிறது.
டிபன் பாக்ஸை ஊறப்போடலாம் என்று
பின்கட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தேன்.
மூலையில் ஒட்டிய புளிச்சோறு, ஆறி விறைத்து.
யாரோ டிரைவர் புரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறான்.
கடலைப்பருப்பு நாலு. மாங்காய் ஊறுகாயின் சிவந்த எண்ணெய்,
நங்கை என் கண்ணில்கூடக் காட்டாதது.

பசி என்று சொல்ல மாட்டேன்.
கை போயிற்று, அவ்வளவுதான்.
நின்றபடியே, விளக்குப் போடாமல்.
முதல் வாய் நாக்கில் சுரீரென்றது.
இரண்டாவதை மென்றேன். மென்றேன் என்பது
மென்ற பிறகுதான் தெரிந்தது.

நாலாவதில் உள்ளே அவள் சிணுங்கினாள்.
முன்னால் நனைந்தது எனக்கு.
ஓடிப்போய் இடது கையால் அள்ளி எடுத்தேன்,
வலது கையை நக்கிக்கொண்டே.