நலமறிய ஆவல்

ஹல்லாவாரா, ஃபின்லாந்து.
நகராட்சியின் நலவாழ்வுத் திட்ட வரைவு, நான்காண்டுக்கு:
எண்பத்து நான்கு பக்கம்.
அட்டையில் ஏரி. ஏரியில் ஜூலை.

விர்வா அதற்குள் சொற்களைத் தேடிப் பார்த்தாள்.
'பங்கேற்பு' நாற்பத்தொரு முறை.
'மீள்திறன்' பத்தொன்பது.
'பனிக்கட்டி' ஒருமுறைகூட இல்லை.

எழுதியவள் அவள்தான்.

வெளியே நவம்பர்.
மூன்று மணிக்கே விளக்கேற்றும் ஊர்.
பகலில் இளகி, இரவில் இறுகி,
விடியுமுன் அதன்மேல் ஒரு தூறல்.
ஆனைக்கும் அடி சறுக்கும்;
ஆனையே இல்லாத ஊரில்
தபால்காரி தைனாவுக்குச் சறுக்கியது: மணிக்கட்டு.
ரெய்யோவுக்கு: இடுப்பு.
நாள்தோறும் நூலகத்தில் செய்தித்தாளின்
முதல் மடிப்பைப் பிரிப்பவர் ரெய்யோ.
இப்போது பக்கம் முப்பத்தேழில்,
'தனிமை' என்ற தலைப்பின் கீழே
தசமப் புள்ளிக்கு வலப்புறம் எங்கோ இருக்கிறார்.

மருத்துவமனையைக் கேட்டாள்.
எந்த எலும்பு என்று சொன்னார்கள்,
எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்தவன் தவுனோ.
சரளை தூவும் டிராக்டர் ஓட்டுபவன்.
காப்பிக் குடுவையை வரைபடத்தின் மூலைக்குப் பாரமாக வைத்தான்.
"இங்கே, மருந்துக்கடை இறக்கம்.
இங்கே, பள்ளி வாசல், கார்கள் நின்று நின்று மழமழவென்று ஆக்கிவிடும்.
இங்கே, கல்லறைத் தோட்டத்து வாயில். ஞாயிறு மட்டும்."

எப்படித் தெரியும்?

"ஒற்றைக் கையுறை கிடக்கும்.
ஆரஞ்சு உருண்டு போயிருக்கும்.
ஒருமுறை பல்செட்டு.
கையுறையை வேலிக்கம்பில் மாட்டிவிட்டு வருவேன்.
யாரும் எடுக்க வருவதில்லை.
வர முடிந்தால்தானே."

அவனுக்குக் கொடுத்திருந்த உத்தரவு:
மர ஆலைச் சாலை, லாரிகளுக்கு, ஐந்து மணிக்குள்.
நடைபாதை ஒன்பதுக்கு மேல்.
அதற்குள்
நடக்க வேண்டியவர்கள் நடந்திருப்பார்கள்,
விழ வேண்டியவர்கள் விழுந்திருப்பார்கள்.

மன்றக் கூட்டம். ஏலக்காய் ரொட்டி. இருபத்தொரு நாற்காலி.
விர்வா ஒரே ஒரு கணக்கை வைத்தாள்:
உடைந்த ஓர் இடுப்பைச் செப்பனிடும் செலவில்
ஊருக்கே ஒரு குளிர்காலச் சரளை.

தலைவர் ரைமோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கெட்டவர் அல்லர். கணக்கில் கெட்டிக்காரர்.
"இடுப்புக்குப் பணம் தருவது மாகாணம்.
சரளைக்குத் தருவது நாம்."

யாரும் சிரிக்கவில்லை.
அவர் சொன்னது சரி என்பதுதான் சங்கடம்.

தீர்மானம்:
நடைபாதைக்கு முன்னுரிமை தரும் சாத்தியம் ஆராயப்படும்.

தவுனோ அதை எழுத்துக்கூட்டாத குறையாக இருமுறை படித்தான்.
"ஆராய்வது யார்?"
நான்தான்.
"எத்தனை மணிக்கு?"

நாலு மணிக்கு அவன் பக்கத்து இருக்கையில்
முழங்காலில் கோப்போடு அவள்.
ஆலைச் சாலைக்குத் திரும்பும் இடத்தில்
திரும்பவில்லை.
மருந்துக்கடை இறக்கத்தில் சரளை கொட்டும் சத்தம்
தகரக் கூரையில் அவரை கொட்டியதுபோல்.
ஐந்தாகியும் மேலே ஒருவரும் நடக்கவில்லை.
ஆறு மணிக்கு அடுமனைப் பெண் வந்தாள்,
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு,
கீழே பார்க்காமல்,
போய்விட்டாள்.

அவ்வளவுதான்.
விழாதவர்களைப் பற்றி
எந்த மருத்துவமனையும் அறிக்கை அனுப்புவதில்லை.
என்ன எழுதுவது?
"ஒருவர் கீழே பார்க்கவில்லை" என்று எழுதினாள்.

வியாழனன்று லாரிக்காரர்களின் புகார் வந்தது, நியாயமானது.
வெள்ளியன்று இன்னொன்று, கையால் எழுதியது:

"விடிகாலை நாலரைக்கு
என் ஜன்னலடியில் டிராக்டர் உறுமுகிறது.
இது என்ன நலவாழ்வு?"

கையொப்பம்: ரெய்யோ.
அதற்கும் கீழே, வேறு மையில்,
யோசித்துவிட்டுப் பிறகு சேர்த்ததுபோல்:

"நூலகம் வரைக்கும் தூவியாகிறதா?"