பதினாலுக்குப் பதினாறு

பாலையூற்றுக் கராச்சில்
வெள்ளை ஹொண்டாவுக்குக் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
சம்ப் நட் சுற்றுகிறது, சுற்றுகிறது,
கழலவுமில்லை, இறுகவுமில்லை.
புரி போய்விட்டது.

"எந்த மடையன் இப்பிடி இறுக்கினவன்?"
சுங்கத்து மரியநாயகம்.
அவருடைய சப்பாத்து மட்டும்தான் தெரிகிறது.

நெம்பி எடுத்தபின்
டாப்பின் பல்லில் கிறீஸ் தடவி
அரைச்சுற்று உள்ளே, கால்சுற்று வெளியே.
அலுமினியச் சீவல்கள்
சூடைமீன் செதிலாய் ஒட்டிக்கொண்டு வருகின்றன.
பதினாலு இருந்த இடத்தில் பதினாறு.
மேலேயிருந்து மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறேன்;
கடைசித் துகளும்
மணிக்கட்டு வழியே முழங்கைக்கு இறங்குகிறது.

புதுச் செப்பு வாசர்.
இந்த முறை
கை இன்னும் கேட்கும்போதே நிறுத்துகிறேன்.

துறைமுகப் பக்கம் கப்பலொன்று ஊதுகிறது.
பழைய நட்டின் தலையில்
போன மாசி நான் வைத்த
சிவப்புப் பெயின்ட் பொட்டு.
அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பி
வாசருக்கு மட்டும் காசு கேட்கிறேன்.