ஷிப்டு மாற்றும் குறிப்பு

கௌசர்,
நீ வரும்போது நான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருப்பேன்.
பிரிண்டரில் தாள் போட்டுவிட்டேன்.
நாற்பத்து மூன்றாம் டோக்கன் வரை எடை முடிந்தது.
வரிசை பெட்ரோல் பங்க்கைத் தாண்டி
காவேரிப்பட்டணம் ரோட்டு வளைவு வரை நிற்கிறது.
அத்தனையும் பெங்களூரா.

இனி சொல்வது ரிஜிஸ்டரில் இல்லாதது.

இந்தக் கம்ப்யூட்டரில் எதையும் ஏற்ற முடியாது,
பாஸ்வேர்டு முனிரத்தினம் சாரிடம்.
ஆனால் பிரவுசர் திறக்கும்,
அதற்குள் ஆட்டங்கள் திறக்கும்.
கணக்கு வேண்டாம், செல் நம்பர் வேண்டாம்,
கட்டத்தில் ஒரு பெயர் அடித்தால்
உலகத்தில் தூங்காத முப்பது பேர் நடுவே விழுவாய்.
அங்கே என் பெயர் எடைமேடை.

டாங்கி ஆட்டம் வேண்டாம்.
குறி வைப்பதற்குள் லாரி வரும்,
சீட்டு கிழித்துத் திரும்பினால் நீ சாம்பல்.

படம் வரைவது பரவாயில்லை.
ஒருவர் வரைய மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.
எனக்கு மாங்காய் வந்தது, பார் என் யோகத்தை!
கண்ணெதிரே நானூறு டன் கிடக்க
மவுஸால் ஒன்று வரைய வரவில்லை.
சிறுநீரகம் என்றான் ஒருவன்.
செருப்பு என்றது பெயர் போடாத ஓர் ஆள்.
போலந்துக் கொடி வைத்திருந்த யாரோ
கிளி என்றார்கள்.
தப்பு என்று சிவப்பு காட்டியது ஆட்டம்.
நம் மண்டியில் இதற்குப் பெயரே கிளிமூக்கு,
அதற்கெங்கே தெரியும்.

மூன்றாவது பாம்பு.
அதை ஆடு.
வெளிச்சப் பொட்டுகளைத் தின்றால் நீளும்.
எவ்வளவு நீண்டாலும்
தலை இன்னொரு உடம்பில் பட்டால் தீர்ந்தது;
நேற்று நுழைந்த புழுவும் உன்னைப் பொரியாக்கித் தின்னும்.
நிறுத்தி வைக்கும் பொத்தான் கிடையாது.
கையை எடுத்தால் பாம்பு
பார்த்த திசையில் போய்க்கொண்டே இருக்கும்.

ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று வந்தது,
பச்சை நிறம், பெயர் டிஎன் 24.
நம்மூர் வண்டி நம்பர் என்று சிரித்துக்கொண்டேன்.
என்னைச் சுற்றி வளைத்தது.
இறுக்கியிருக்கலாம்.
ஒரு சுற்று சுற்றிவிட்டு விட்டுப்போனது.

நாற்பத்து மூன்றாம் டோக்கன் ஓர் ஈச்சர்.
திம்மராயன், போச்சம்பள்ளிப் பக்கம்.
தோட்டமும் அவரே டிரைவரும் அவரே.
வரிசையில் பத்தொன்பது மணி நேரம்;
பின்பலகையில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது.
அந்தப் பாம்பு தின்னத் தின்ன வளர்கிறது,
இந்தப் பாம்பு நிற்க நிற்க எடை குறைகிறது.

ஆள் இறங்கினால்தான் எடை, அது விதி.
இறங்கினார். செல்லை ஸ்டியரிங் பக்கத்து
ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு.
வண்டிக்குள் பச்சையாக ஏதோ நகர்ந்தது.
என் திரையைப் பார்த்தேன்:
டிஎன் 24 திரும்பாமல் நேராக வருகிறது,
குறுக்கே நான் கிடக்கிறேன்,
பெரிய உடம்பு, நாலு மணி நேரம் தின்ற உடம்பு.
வலது கையால் என்னை ஒடித்து விலக்கினேன்.
யாரோ ஒரு மஞ்சள் மேல் என் தலை பட்டது.
பொரி.

அணைப் பக்கத்துக் காற்று.
எடைப்பெட்டியில் சிவப்பு எண் ஆடிக்கொண்டிருந்தது,
9470, 9480, 9470.
எண்பதில் அழுத்தினேன்.
பத்து கிலோ. இந்த வருஷ விலைக்கு
ஐம்பது ரூபாய்கூடத் தேறாது.

ஜன்னலுக்கு மேலே பெயிண்டில் எழுதியிருப்பதை
அவர் ஒருமுறை படித்தார்.
பிறகு என்னை.
பிறகு, 'பின் போட்டுக் கொடும்மா' என்றார்.

ஸ்டேப்ளரில் பின் இல்லை கௌசர், கேட்டு வாங்கு.
சார் செருப்புச் சத்தம் வந்தால் கண்ட்ரோல் டபிள்யூ.
கட்டத்தில் என் பெயரையே அடித்துக்கொள்.

சரக்கை இறக்கிவிட்டு
காலி எடைக்கு அவர் உன் ஷிப்டில்தான் வருவார்.
காற்று நிற்காது.
எண் ஆடினால், இந்த முறை
கீழே வரும்போது.