பிற்சேர்க்கை இ

எங்கள் தொழிலில் வினைச்சொற்கள் மூன்றே.
'வேண்டும்' என்றால் சட்டம்.
'நலம்' என்றால், செய்தால் மகிழ்ச்சி.
'ஆகலாம்' என்றால் யாரும் செய்யப்போவதில்லை.
இவற்றை இடம்மாற்றி இடம்மாற்றி
இருபத்தொன்பது வருடம் அரசுச் சம்பளம் வாங்கினேன்
மேரிலாந்தில், ஜன்னல் திறக்காத ஒரு கட்டடத்தில்.

என்ன வேலை என்று பக்கத்து வீட்டு லாய்ட் கேட்டபோது
விரல் என்றேன்.
சில வருடம் கழித்துக் கேட்டபோது முகம் என்றேன்.
அவன் புல்வெட்டும் இயந்திரத்தை மறுபடி முடுக்கினான்.

தொண்ணூற்றேழு மார்ச்சில்
மாதிரி விரல்கள் தேடிக் கடலோரம் போனோம்.
சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து
கையைத் துடைத்தபடி வந்தாள் ஓடெல்லா பர்னெல்.
கண்ணாடித் தகட்டில் பத்து விரலும் வைத்தாள்.
பத்தும் வெள்ளை.
ஓடும் உப்பும் முப்பது குளிர்காலமும்
தேய்த்தெடுத்த வழவழப்பு.
இயந்திரம் எழுதியது: பொருந்தவில்லை.
"யாரோட பொருந்தலை?" என்றாள்.
"நான் இப்பதானே முதல்தடவை வர்றேன்."

திரும்பும் வழி நூற்றிருபது மைல்.
யாரும் ரேடியோ போடவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நாலு வருடம்.
ஒட்டாவாவில் ஒரு கூட்டம், சியோலில் ஒன்று,
ஆறிய காபி, மொழிபெயர்ப்பாளரின் இருமல்,
ஒரு காற்புள்ளிக்காக மதியம் முழுக்க
மல்லுக்கட்டிய டென்மார்க்காரர் ஹென்னிங்
(அவர் சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது).
கடைசியில், பிரிவு 7.3.2:
படிக்க இயலாத விரலைப்
'பொருந்தவில்லை' எனச் சொல்லாதிருத்தல் வேண்டும்;
'படிக்க முடியவில்லை' எனச் சொல்லுதல் வேண்டும்.
இரண்டு 'வேண்டும்'.
என் வாழ்நாள் சம்பாத்தியம் அவ்வளவுதான்.

பிறகு கற்கும் இயந்திரங்கள் வந்தன.
அவற்றுக்குத் தெரியாதது என்று ஒன்றில்லை.
எந்த முகத்தைக் காட்டினாலும் ஓர் எண்: 0.41.
புதுக் குழுவின் தலைவி ஆன்ஸ்லி க்ரெப்ஸ்,
என் மகளைவிட இரண்டு வயது இளையவள், கெட்டிக்காரி,
பொறுமையாக விளக்கினாள்:
"எண்ணே போதுமே. தெரியாது என்பதும் அதற்குள் இருக்கிறது."
அந்த எண்ணை யார் வாசிப்பார் என்றேன்.
எல்லைச் சாவடியில், இரவுப்பணியில், பின்னால் வரிசை நீள,
0.41க்கு அவர் என்ன முகம் வைத்துக்கொள்வார்?
வாக்கெடுப்பு. பதினொன்று, நாலு.
என் 'வேண்டும்' 'நலம்' ஆயிற்று.
'நலம்' பிற்சேர்க்கை இ-க்குப் போயிற்று,
'தகவலுக்கு மட்டும்' என்ற தலைப்பின் கீழ்.
நான் கத்தவில்லை.
கூட்டக் குறிப்பில் என் பெயருக்கு நேரே
'மாற்றுக்கருத்து' என ஒரு சொல் இருக்கிறது.
போய்ப் பார்க்கலாம், யாருக்காவது நேரமிருந்தால்.

கடைசி நாள், ஜனவரி.
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு
கணக்கை மூட ஒரு விரல் கேட்டார் காவலர் டெஸ்மண்ட்.
புற்றுக்கான மாத்திரைகள் என் விரல்நுனிகளை
உரித்துக்கொண்டிருந்த மாதம் அது.
வைத்தேன். துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
பழைய கருவி, பழைய விதி;
பச்சைத் திரையில் என் வாக்கியம் வந்தது.
எத்தனை வரைவுகளில் எழுதியிருப்பேன் அதை.
இந்தப் பக்கம் நின்று படித்ததில்லை.
ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

"எப்பவுமே அப்படித்தான் சார் இருக்கு" என்றார் டெஸ்மண்ட்,
பதிவேட்டைப் புரட்டி, பேனாவை உதறி,
என் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.