பூச்சியம் தசம் நான்கு

மாசி மாதம். சார்னியாவில் இரவு இரண்டு மணி,
வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் மிச்சிகனின் விளக்குகள்
பனிப்புகைக்குள் கரைகின்றன.

கட்டுப்பாட்டு அறையில் டேரில் கோவல்சுக்
கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.
"பார், என்ன அமைதி" என்கிறான்.
திரையில் அசெற்றிலீன்: பூச்சியம் தசம் நான்கு.
நான்கு நிமிடம் கழித்தும் பூச்சியம் தசம் நான்கு.
அதற்குப் பிறகும்.

எனக்கு அந்த நேர்கோடு பிடிக்கவில்லை.
ஆஸ்பத்திரியில் இப்படிக் கோடு வந்தால்
தாதி ஓடி வருவாள்.

நான் வேலைக்கு வந்த புதிதில்
உருக்குக் குடுவையில் வாயுவைப் பிடித்து
ஆய்வுகூடத்துக்குக் கொண்டோடுவோம்.
விடை திரும்பி வரும்போது
கேள்வி குழாயைவிட்டுப் போயிருக்கும்,
யாரோ ஒருவர் வீட்டுப் பால் போத்தலின்
மூடியாகப் போகிற வழியில்.

பிறகுதான் இந்தப் பெட்டி வந்தது.
குழாயின் விலாவில் ஊசித்துளை,
ஒரு மிடறு வாயு,
நூல்போன்ற சுருள் குழலுக்குள் ஓட்டப்பந்தயம்.
வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை வரைந்து
இன்னார் இவ்வளவு என்று எழுதிவிடும்.
அதை வாசித்துத்தான் ஐதரசன் வால்வு
மயிரிழை திறக்கும், மயிரிழை மூடும்.
குறைந்தால் அசெற்றிலீன் தப்பி ஓடும்.
கூடினாலோ ஐதரசன் எதிலீனையே தின்னத் தொடங்கும்,
வினையூக்கிப் படுக்கை கொதிக்கும்.

கையுறைக்குள் கையுறை. ஏணி. தகரக் கொட்டில்.
ஹீட்டர் தன்பாட்டுக்கு உறுமுகிறது.
ஓட்டமானியின் கண்ணாடிக்குள்
கறுப்புக் குண்டு அடியில் படுத்துக் கிடக்கிறது.
பெட்டியோ, பாவம்,
நள்ளிரவுக்கு முன் விழுங்கிய மிச்சத்தையே
திரும்பத் திரும்ப ருசித்து
பழைய விடையைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறது.
வால்வு அதை நம்பிக்கொண்டிருக்கிறது.
டேரிலும்.

வடிகட்டியைக் கழற்றினேன்.
பச்சை எண்ணெய். நாங்கள் அப்படித்தான் சொல்வது;
உண்மையில் தேன் நிறம்,
பலாப்பால்போல விடாது.

புது வடிகட்டி. மரையை இறுக்கினேன்.
குண்டு துள்ளி எழுந்து நடுங்கியது.
இனி நான்கு நிமிடம்.
தகரத்தில் காற்று பனியை
மண் அள்ளி எறிவதுபோல எறிகிறது.
சுவரிலே ஆரோ ஒட்டிய ஹொக்கி அட்டவணை,
இரண்டு பருவம் பழசு. அதையும் வாசித்து முடித்தேன்.

ரேடியோவில் டேரில்: "மூன்று தசம் ஒன்று."
ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு, "வால்வு அசையுது, தேன்."
தேனுஜா என்று முழுதாய்ச் சொல்ல
ஆறு வருடமாக அவனுக்கு நாக்குப் புரளவில்லை.

அடுத்தது இரண்டு தசம் இரண்டு.
அடுத்தது ஒன்றுக்குக் கீழே.
கோடு இப்போது கோணல்மாணல்.
அவன் கால்களை மடக்கி
திரைக்கு அருகே கதிரையை இழுத்திருந்தான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
வடிகட்டி மாற்றப்பட்டது, ஓட்டம் சரி.
அதற்குக் கீழே அவன் கையெழுத்து:
மாதிரி ஓட்டம் குறைந்தால் அலற
ஒரு மணி வேண்டும். அவசரம்.

ஆடி மாதம் நான் கொடுத்த விண்ணப்பம்
அதே குறிப்பேட்டின் பின்மட்டைக்குள்
மடித்தபடி இருக்கிறது.