இரண்டு கயிறு தூரம்

தார்ச்சாலை முடிகிற இடத்தில்
வில்தராசில் பைகளைத் தொங்கவிட்டோம்.
ஆளுக்கு இருபத்தைந்து கிலோ, அதற்கு மேல் கிடையாது.
மதுச்சந்தாவின் பை இருபத்தெட்டில் போய் நின்றது.
பொரி, அப்புறம் ஈச்சவெல்லம்,
அசன்சோலிலிருந்து என்றாள்.
சுமக்கப்போகிற பதம் போரா
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.
வெல்லம் மூன்று கிலோ.
என் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

வரைபடத்தில் இதற்குப் பெயர் இல்லை, எண்தான்:
ஆறாயிரத்து நாற்பத்தொன்று.
தார்மாவில் நாங்கள் சொல்வது
முதுகு காட்டி உட்கார்ந்தவள்.
முகம் அந்தப் பக்கம்.

"மேலே போனால் என்ன தெரியும்?"
டீக்கடையில் வைத்துத்தான் கேட்டாள்.
ஒரு ஏரி என்றேன்.
மயில்கழுத்து நிறம் என்றும் சொன்னேன்.
ஆள் சேராத வருஷம் அது.
முன்பணம் இன்னும் அவள் கைப்பையில் இருந்தது.

ஆறு நாள்.
ஓடை கடக்கையில் ஒரு செருப்பு போனது.
மேல்முகாமில் குக்கர் எத்தனை கூவியும்
சோறு நடுவில் கல்லாகவே இருந்தது.
சமையல்கார குஷால் அதைப் பரிமாறும்போது
யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரவு ஒன்றரைக்குக் கிளம்பினோம்.
நெற்றி விளக்குக்குள் என் பூட்ஸ்,
பின்னால் அவள் இருமல்.
கயிறு இறுகும், தளரும், இறுகும்,
அதுதான் பேச்சு.
கிழக்கில் சாம்பல் நிறம் கலங்கியபோது
உச்சி தெரிந்தது, கைக்கெட்டுகிற மாதிரி.
இரண்டு கயிறு தூரம்.

அப்போது காலடியில்
அரிசி மூட்டையைத் தரையில் போட்டதுபோல்
ஒரு தொம்.

சரிவு முழுக்க ஒரு விரற்கடை இறங்கி
மறுபடி பேசாமல் இருந்தது.
நானும் பேசவில்லை.
கைகாட்டினேன்: கீழே.

பாறைத் திட்டுக்கு வந்ததும் உட்கார்ந்தாள்.
அழவில்லை. மூக்கைத் துடைத்தாள்.
"ஏரி எந்தப் பக்கம்?"

முதல்முறை காற்று.
இரண்டாம் முறை நீலப் பனிக்கட்டி,
ஆணி இறங்கவில்லை.
மூன்றாம் முறை ஒரு வாடிக்கையாளரின் கால்விரல்கள்.
நான்காம் முறை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது,
பனி கெட்டி, ஆள் திடம்,
எனக்குத்தான் கால் வரவில்லை.
வயிறு சரியில்லை என்று சொல்லி இறக்கினேன்.

"நான் பார்த்ததில்லை" என்றேன்.
"எதை?"
"மேலே."

வெகுநேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.
"நான் வங்கியில் கடன் பிரிவு.
கேட்டு வருகிறவன் முதலில் வர்ணிப்பது
கட்டாத வீட்டின் மொட்டைமாடியைத்தான்.
அன்றைக்கே நினைத்தேன்,
மயில்கழுத்து கொஞ்சம் அதிகம்."

பிறகு வெல்லத்தை எடு என்றாள்.
உறைந்து கருங்கல்லாகிக் கிடந்தது.
பனிக்கோடாரியால் ஓங்கி ஒரு போடு.
சில்லுகள் பனியில் தெறித்தன.
பொறுக்கிப் பொறுக்கித் தின்றோம்,
பல் கூசியது,
புகைவாசம் நாக்கில் வெகுநேரம் இருந்தது.

படிவத்தில் 'எட்டிய உயரம்' என்றொரு கட்டம்.
ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தார்ச்சாலைக்கு வந்து சேர்ந்த அன்று
டீக்கடையில் புனேயிலிருந்து நாலு பையன்கள்.
பை புதிது, கயிறு புதிது.
"அக்கா, மேலே என்ன தெரிகிறது?"
"இவரைக் கேளுங்கள்" என்று
என் பக்கம் திரும்பினாள்,
கோபமா சிரிப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

பதம் அவர்கள் பையை
வில்தராசில் மாட்டிக்கொண்டிருந்தான்.
முள் ஆடிற்று.
அது நிற்கட்டும் என்று
நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.